பொறியும் கணிப்பொறியும்: கேடயம் ஒட்டுவோர் கவனத்துக்கு

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடிச்சின்னம், இலச்சினை, முத்திரை என்றெல்லாம் நாம் வழங்கும் பொறியை வரைவதற்குக் கணினியைப் போல் ஏற்ற கருவி வேறில்லை. ஆயினும் இன்று தருமபுரியிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் கணினியில் ஆக்கப்படும் பொறிகளுள் பெரும்பாலானவை பொறி என்ற பெயருக்கே தகுதியற்றவை. எங்கிருந்தோ எடுத்து எதன்மேலோ ஒட்டிய படங்கள் அவை. கோரல் டிராவின்மீதும் இல்லஸ்ட்ரேட்டரின்மீதும் பழிபோடுவோர் ஒருபுறம் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குற்றம் மென்பொருளிடம் இல்லை. வரைய உட்காருபவர் முன்னால் ஒரு சொல்கூட இல்லாதிருப்பதுதான் குற்றம்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டி.டி.பி. கடைகளில் ஒரு மணிநேரம் நின்றால் போதும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், இருசக்கர வண்டியின் முகப்பில் ஒட்டும் ஸ்டிக்கர், கல்லூரி ஆண்டுமலரின் அட்டை என எதைப் புரட்டினாலும் ஒரே உருவம். பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு சிங்கங்கள். நடுவே அடி கூம்பிய கேடயம். அதன்மேல் இரும்புத் தலைக்கவசம். கவசத்தின் இருபுறமும் வழியும் இலைச்சுருள். அடியில் ஒரு நாடா. நாடாவுக்குள் மட்டும் தமிழ். அதுவும் பழைய எழுத்துருவை மாற்றும்போது ஒற்றைக்கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகச் சிதறிய தமிழ்.

அந்த இலைச்சுருளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது இலையே அன்று. ஐரோப்பியக் குதிரைவீரன் தன் இரும்புக் கவசத்தின்மேல் போர்த்திக்கொண்ட துணி. அது கிழிந்து தொங்குவதாக வரைவது அவர்கள் மரபு. நம் வடிவமைப்பாளர் ஒருவர் அதற்கு வெற்றிலைப் பச்சை பூசி, நரம்புகூட வரைந்திருந்ததைக் கண்டேன். மங்கலம் கருதிச் செய்திருப்பார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. படத்தைக் கொடுத்தார்கள், படத்தை ஒட்டினார்.

கேடயம் அங்கே எப்படி வந்தது? பன்னிரண்டாம் நூற்றாண்டையொட்டி ஐரோப்பாவில் குலச்சின்ன முறை உருப்பெற்றது. முகத்தை மூடிய கவசத்துக்குள் இருப்பவன் யாரென்று தொலைவிலிருந்து அறிவதற்குக் கேடயத்தின் பரப்பு பயன்பட்டது. அவர்கள் போர் அது. அவர்கள் தேவை அது. நம்மிடம் அது வந்து சேர்ந்த வழி வேறு. 1877இல் தில்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்த தர்பாரில், லிட்டன் பிரபு இந்திய மன்னர்களுக்குப் பட்டுக்கொடிகள் வழங்கினார். அவற்றுக்கான சின்னங்களை ஐரோப்பியக் கேடய முறைப்படி வகுத்தவர் ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி. அடங்கிய அரசர்களுக்கு ஆண்டவன் அளித்த சட்டகம் அது. அதனுள் நம் புலியையும் கயலையும் அடைத்து வைத்துவிட்டு 'தமிழன்டா' என்று கீழே எழுதுகிறோம்.

நிற்க. நம் பொறி எப்படிப்பட்டது?

'பொறி' என்ற சொல்லையே முதலில் பாருங்கள். அடையாளம், எழுத்து, தீப்பொறி, எந்திரம், ஐம்பொறி, எலிப்பொறி என அத்தனை பொருளும் இந்த ஒரே சொல்லில் அடங்கும். இவற்றுள் பொறித்தல் என்ற வினை முதன்மையானது. அழுத்திப் பதித்தல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளின்மேல் புலிப்பொறி இட்டு அடுக்குகிறார்கள். சிலப்பதிகாரத்துக் காட்சிக் காதையில், வடநாட்டு மன்னர்க்கு விடுக்கும் ஓலைகளின் மண் இலச்சினையில் வில்லும் கயலும் புலியும் இருக்க வேண்டும் என்று பேசப்படுகிறது. ஆக, சங்கப் பொறியின் முதல் வாழிடம் சுங்கச்சாவடியும் ஓலைக்கட்டும். பொதியின்மீது ஆயிரம் முறை இடவேண்டும். ஓலையின்மேல் விரல்நுனி அளவில் இடவேண்டும். கொடியில் ஆளுயரத்துக்குத் தீட்டவேண்டும். இமயத்துப் பாறையில் பொறித்ததாகப் பாடவும் வேண்டும். அளவு மாறினாலும் அடையாளம் மாறக்கூடாது.

அதற்கு ஏற்பவே நம் முன்னோர் வரைந்தார்கள். பெருவழுதி என்று பெயர் பொறித்த பாண்டியர் காசின் பின்புறத்து மீனைப் பாருங்கள். செதிலில்லை, கண்ணில்லை, துள்ளலில்லை. சில கோடுகளும் கோணங்களும்தாம். ஆயினும் அது மீன் என்பதில் ஐயமில்லை. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பாருங்கள். 1905இல் கிடைத்த அந்த 31 ஏடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரை வட்டமானது. உள்ளே அமர்ந்த புலி, இணைக்கயல், வில், மேலே குடை, இருபுறமும் சாமரை. வென்றவனின் விலங்கோடு தோற்றவர்களின் சின்னங்களும் ஒரே குடைக்கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன. அரசியலை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன ஓவியம் உலகில் அதிகமில்லை. கவனியுங்கள், புலி உட்கார்ந்திருக்கிறது. வென்று முடித்தவனுக்குப் பாய வேண்டிய தேவையில்லை. 2022இல் பொன்னியின் செல்வன் திரைப்படமாக வந்த பிறகு எங்கள் பக்கத்து வண்டிகளில் பெருகிய 'சோழர் முத்திரை' ஸ்டிக்கர்களில் நான் பார்த்தவை எல்லாம் வாய்பிளந்து பாய்கின்றன. அவற்றுள் ஒன்றன் புலிக்குப் பிடரிமயிர்கூட இருந்தது.

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஐரோப்பியரிடமிருந்து நாம் கேடயத்தை எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டோம். அவர்களுடைய குலச்சின்ன முறையில் மூலம் படம் அன்று, சொல். ஒரு சின்னம் வழங்கப்படும்போது அதன் சொல்வடிவமே அடிப்படை: பரப்பு இன்ன நிறம், அதன்மேல் இன்ன உரு, அது இன்ன நிலையில், இன்ன திசை நோக்கி என்று ஒரு சூத்திரம் போல எழுதிவைப்பார்கள். அந்தச் சொற்களுக்கு உட்பட்டு எந்த ஓவியர் எப்படி வரைந்தாலும் அது அதே சின்னம்தான். ஒருவர் சிங்கம் ஒல்லியாயிருக்கலாம், இன்னொருவர் சிங்கம் தடித்திருக்கலாம். சூத்திரம் மீறப்படாதவரை இரண்டும் செல்லும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு முறையான சொல்விளக்கம் உண்டு. வெள்ளிப் பரப்பு, அடியிலிருந்து எழும் பசுங்குன்று, குன்றின்மேல் நடக்கும் புலி, அதன் இயல்பான நிறத்தில், மேலே கரும்பட்டை, பட்டையின் நடுவே பொன் நிறச் செங்குத்துக் கோடு, அதில் தாமரை, தாமரையின் இருபுறமும் யானைத் தலைகள். இவ்வளவையும் வாயால் சொல்லி, கேட்பவனை வரையச்செய்துவிடலாம். நம் கல்லூரிகளின் சின்னக் குழுக்கள் பல்கலைக்கழகத்தைப் பார்த்துக் கேடயத்தைப் படியெடுத்தன. சொல்விளக்கத்தைப் படியெடுத்த ஒரு குழுவையும் நான் கண்டதில்லை. கேட்டால், "லோகோ ஃபைல் டி.டி.பி. சென்டர்ல இருக்கு சார்" என்கிறார்கள். அந்தக் கடையின் வன்தட்டு பழுதானால் கல்லூரியின் அடையாளமும் போயிற்று.

தமிழக அரசின் சின்னத்துக்கு வருவோம். 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த கோபுரம் அது. கேடயத்தைத் தவிர்த்ததற்காகவே அவரை வணங்கலாம். ஆனால் அது திருவில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. சூத்திரத்தில் 'கோபுரம்' என்று மட்டும் இருந்தால் அந்த வழக்கே தேவையற்றது. 'இன்ன ஊர்க் கோபுரம்' என்றிருந்தால் ஒரே நொடியில் தீர்ந்துவிடும். சொல் முந்தாத இடத்தில் படம் எத்தனை அழகாயிருந்தாலும் பூசல்தான்.

வெக்டர் வரைகலை என்பது என்ன? புகைப்படம் போன்ற கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் குறிக்கப்பட்டிருக்கும். பெரிதாக்கினால் படிக்கட்டாக உடையும். வெக்டர் கோப்பில் புள்ளிகளின் நிறம் இருப்பதில்லை, கட்டளைகள் இருக்கின்றன. இங்கிருந்து தொடங்கு, அங்கே நேர்கோடு இழு, இவ்வளவு வளைந்து அங்கே சேர், மூடு, இந்த நிறம் நிரப்பு. 2001இல் தர நிலையாக ஏற்கப்பட்ட எஸ்.வி.ஜி. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முழுக்க எழுத்தும் எண்ணும்தான். அந்த வளைவுகளின் கணிதத்தைக் கார் உடல்களை வடிவமைப்பதற்காகக் கண்டவர்கள் பிரான்சில் ரெனோ நிறுவனத்துப் பெசியேயும் சித்ரோயன் நிறுவனத்து தெ காஸ்தெல்ஜோவும். ஆக, வெக்டர் படம் என்பது எழுத்தாலான வரைவு. சொல்லே மூலமான சின்னக்கலைக்குச் சொல்லாலேயே இயன்ற கருவி வாய்த்திருக்கிறது. சுங்கப்பொதிக்கும் கொடிக்கும் ஒரே உரு என்ற பழைய தேவையும் அதில் நிறைவேறுகிறது. கணிப்பொறிக்குப் பொறி என்று பெயர் வைத்தவர் இதையெல்லாம் எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் பொருந்திவிட்டது.

இத்தகைய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்வது என்ன? டிரேஸ். இணையத்தில் அகப்பட்ட மங்கலான படத்தை இறக்கி, ஒரு பொத்தானை அழுத்தி, "வெக்டர் ஆக்கிட்டேன்" என்கிறோம். அப்படி ஆக்கிய ஒரு சின்னத்தைத் திறந்து எண்ணச் சொன்னேன். மூவாயிரத்தைத் தாண்டிய கணுக்கள். (நோட் என்பதைக் கணு என்றே நான் வகுப்பில் சொல்கிறேன். கரும்பு விளையும் ஊரில் விளக்கம் தேவைப்படுவதில்லை.) புலியின் மீசைக்கும் தாளில் படிந்த அழுக்குக்கும் மென்பொருளுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒரே பணிவோடு வளைவாக்கித் தரும். அதை ஸ்டிக்கர் வெட்டும் எந்திரத்துக்கு அனுப்பினால் கத்தி திக்கித் திணறி, விளிம்பெல்லாம் பிசிறாக வெளியே வரும். ஒற்றை நிறத்தில் ரசீதுப் புத்தகத்துக்கு அச்சடித்தால் கரும்பூச்சியாகத் தெரியும்.

நிறத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஐரோப்பியர் பொன், வெள்ளி இரண்டையும் உலோகம் என்றும் சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதாவை நிறம் என்றும் பிரித்தனர். உலோகத்தின்மேல் உலோகமோ நிறத்தின்மேல் நிறமோ வைக்கலாகாது என்பது விதி. காரணம் எளிது, தொலைவிலிருந்து தெரியவேண்டும். அச்சில் நிறமில்லாத காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில், சில்வெஸ்தர் பெத்ரா சாங்தா என்ற பாதிரியாரின் நூலால் பரவிய கோட்டுமுறையில் நிமிர்கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன் என்று கொண்டனர். கருப்பு வெள்ளை அச்சிலேயே நிறத்தைப் படித்துவிடலாம். நாமோ பொன் நிறச் சரிவின்மேல் மஞ்சள் புலியை வைத்து, அதற்கு நிழலும் கொடுத்து, பத்தடியில் எதுவும் தெரியாமற்போக, ஃப்ளெக்ஸை இன்னும் பெரிதாக அடிக்கிறோம்.

கணினியில் வரைந்தது கலையாகுமா என்று கேட்கும் தூயவர்களுக்கு ஒரு பத்தி போதும். உங்கள் வீட்டு வாசலில் விடியற்காலையில் சிக்குக்கோலம் இடும் அம்மாவைப் பாருங்கள். புள்ளி வைக்கிறார், இழை புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றி வளைகிறது. கணினி வளைவின் கைப்பிடிப் புள்ளியும் அவ்வாறே. கோட்டை இழுத்து வளைக்கும், கோடு அதன்மேல் செல்லாது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முதலானோர் 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து உலகுக்குக் காட்டினார்கள். விதிக்குள் நின்று வளைவது நமக்கு அந்நியமன்று.

இதுவரை சொன்னது ரசனைக்கேடு. அதற்காக மட்டும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இதனினும் பெரிய தீமை ஒன்று உண்டு.

தகடூர் எங்கள் ஊர். புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடுகையில், அவன் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொணர்ந்ததைச் சொல்கிறார். அவன் சூடிய பனந்தோட்டு மாலையைச் சொல்கிறார். ஏழு பொறிகள் பொருந்திய அரசுரிமையையும் சொல்கிறார். பழைய உரைகாரர் பொறிக்கு இலாஞ்சனை என்று பொருள் எழுதினார். பனை சேரரின் அடையாள மாலை என்பது தொல்காப்பியம் படித்தோர் அறிந்தது. ஆனால் அந்த ஏழு பொறிகள் எவையென்று பாட்டு பட்டியலிடவில்லை. உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தது முதல் அந்த ஏழு என்ற எண் நம்முன் வெற்றிடமாகவே நிற்கிறது. 1981இல் அறியவந்த ஜம்பைக் கல்வெட்டு, அதியமானைச் சதியபுதோ என்று குறித்து, அசோகன் கல்வெட்டிலுள்ள சதியபுத்திரர் யாரென்ற பழைய வினாவைத் தீர்த்தது. ஏழு பொறிகளைப் பற்றி அதுவும் பேசவில்லை.

வெற்றிடத்தைக் கண்டால் ஒட்டுப்படக்காரருக்குப் பொறுக்காது. ஒரு விழாவின் ஃப்ளெக்ஸில் நெல்லிக்கனியை நடுவில் வைத்து, ஐரோப்பிய வாள்கள் இரண்டைக் குறுக்கே போட்டு, மேலே முடியும் கீழே நாடாவுமாக 'அதியமான் அரச முத்திரை' என்று அச்சிட்டிருந்தார்கள். நெல்லிக்கனி அழகான கற்பனை. ஔவைக்கு ஈந்த கனியைச் சின்னமாக்கிப் 'புதிதாக வரைந்தது' என்று சொன்னால் நானே கைதட்டியிருப்பேன். 'அரச முத்திரை' என்று சொன்னால் அதற்குப் பெயர் போலி ஆவணம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இப்படிச் செய்தால் வழக்குப் போடுவார்கள்.

இந்தப் போலி முத்திரை அடுத்துப் போகுமிடம் எது என்று நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு சாதியின் ஸ்டிக்கராகும். 'ஆண்ட பரம்பரை' என்று அதன் கீழே ஒரு வரி சேரும். அடுத்த தெருவில் இன்னொரு சாதி அதே சிங்கத்தை, அதே கேடயத்தை, வேறு நிறத்தில் அச்சிடும். 'எங்கள் முப்பாட்டன் சின்னம்' என்று இருவரும் மல்லுக்கு நிற்கும் அந்தச் சிங்கம், ஏதோ ஒரு கிளிப் ஆர்ட் தொகுப்பில் பெயரற்று ஓர் எண்ணோடு கிடந்தது. இதில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் எங்களால் சிரிக்க முடியவில்லை. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் தலித் மக்களின் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஸ்டிக்கர் தீவைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. தீவைக்கும் கைக்கு 'நீ ஆண்டவன்' என்று சொல்லிக்கொண்டேயிருக்கும் பொய்களுள் ஸ்டிக்கரும் ஒன்று என்கிறேன்.

பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்குப் பரிந்துரைத்தது. நிறத்தின்மேல் நிறம் வைக்கலாகாது என்ற விதியைக்கூட அறியாத நாம், மணிக்கட்டில் எந்த நிறம் எந்தச் சாதி என்ற இலக்கணத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். நம்மிடம் இன்று உயிரோடிருக்கும் குலச்சின்ன இலக்கணம் இதுதான்.

ஆகவே தமிழ்த்துறைகளிடம் கேட்கிறேன். வரைகலையை டி.டி.பி. கடைக்கு ஒதுக்கிவிட்டு நாம் கைகழுவியது போதும். ஒரு சின்னம் கேட்டு வருபவரிடம் முதலில் நான்கு வரி எழுதித் தரச்சொல்லுங்கள். பரப்பு என்ன, உரு என்ன, எந்நிலை, எத்திசை, என்ன நிறம். பழையதாயின் எந்தக் காசில், எந்தச் செப்பேட்டில், எந்தப் பாட்டில் உள்ளது. புதியதாயின் 'புதியது' என்ற ஒரு சொல். இந்த நான்கு வரியையும் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கலாம், எஸ்.வி.ஜி.யில் விளக்கத்துக்கென்றே இடமுண்டு. இங்க்ஸ்கேப் இலவசமாகக் கிடைக்கிறது.

என் மாணவர்களிடம் இதைச் செய்துபார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. அரசனை விட்டுவிட்டு ஆநிரை மீட்டு மாண்ட பெயர்தெரியாத மனிதனைச் சின்னமாக்குவோம் என்று முடிவுசெய்து, வரி எழுதினோம். 'செம்மண் நிறப் பரப்பில் வெண்ணிற நடுகல், மேல்விளிம்பு வளைந்தது. கல்லுள் வீரன், இடப்புறம் நோக்கியவன், ஒரு கையில் வில், மறுகையில் குறுவாள். காலருகே கெண்டியும் சிமிழும்.' கெண்டியும் சிமிழும் ஏன் என்று ஒருவன் கேட்டான். நடுகற்களில் அப்படித்தான் இருக்கிறது, போய்ப் பார் என்றேன். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்து வந்தான். 'இடப்புறம்' என்றால் பார்ப்பவனுக்கு இடமா, வீரனுக்கு இடமா என்று ஒரு மாணவி கேட்டாள். ஐரோப்பியரின் விதி கேடயம் தாங்கியவனின் இடவலத்தைக் கொள்வது. நமக்கு அப்படியொரு விதி வேண்டுமா என்று அரைமணி நேரம் சண்டை. பார்ப்பவனின் இடம் என்று தீர்த்துக்கொண்டோம். ஒருவன் நாற்பது கணுக்களில் வரைந்தான், இன்னொருத்தி அறுபத்திரண்டில். இரண்டு வீரர்களுக்கும் முகச்சாயலே வேறு. சின்னம் ஒன்றுதான்.

"வாடிக்கையாளர் சிங்கம்தான் கேட்கிறார், நாங்கள் என்ன செய்ய?" என்று கடைக்காரர்கள் சொல்வது நியாயமான கேள்வியே. சிங்கம் கொடுங்கள். மாமல்லபுரத்துக் குடைவரைகளில் தூணைத் தலையில் தாங்கி அமர்ந்திருக்கும் பல்லவச் சிங்கம் இருக்கிறது. பிடரியைச் சுருள்சுருளாக அடுக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு சுருளுக்கு நான்கு கணுக்கள் போதும், மற்றவை அதன் படிகள். கேடயம் தேவையில்லை, தூணே அதற்குச் சட்டகம். பத்திரிகை மாலைக்குள் வேண்டும் என்பவருக்குக்கூட அதை வரைந்து கொடுத்துவிடலாம்.